மேடத்துக்கு ஒரு டம்ளர்

"எந்த கேனை வேணும்னாலும் சோதிச்சுக்குங்க மேடம். நம்ம பால்ல கலப்படம்ங்கிற பேச்சுக்கே இடமில்ல!" பால்கடைக்காரர் நெஞ்சை நிமிர்த்தினார்.

உணவுப் பாதுகாப்பு அதிகாரி ஒவ்வொரு கேனிலும் கொஞ்சம் எடுத்து அயோடின் சொட்டினார். மாவு கலந்திருந்தால் நீலமாகிவிடும். எதுவும் நிறம் மாறவில்லை.

"நான்தான் சொன்னேனே!" என்ற கடைக்காரர், உள்பக்கம் திரும்பி, "மேடத்துக்கு ஒரு டம்ளர் பால் கொண்டா!" என்றார்.

மனைவி கொண்டுவந்தாள்.

"தப்பா நினைக்காதீங்க, பழக்கதோஷம்" என்று அதிகாரி அதிலும் ஒரு சொட்டு விட்டார்.

பால் நீலமானது.

"இதை எங்கேர்ந்துடி எடுத்தே?" கடைக்காரர் பதறினார்.

"புதுசா வாங்கின பால் பூரா கேனுக்குப் போயிடுச்சு. ரெய்டுன்னு ஃபோன் வந்ததும் நீங்க கேன்ல இருந்த பழைய பாலை அடுக்களை அண்டாவுல ஊத்தி மூடி வெச்சீங்களே, அதாங்க. வீட்டுல வேற பால் ஏது?"