முடிவைச் சொல்லிவிடும் தையல்காரர்

செல்லங்களே, துப்பறியும் நாவலில் கொலைகாரன் யாரென்று தெரியாமல் தவிப்பதுதானே ருசி? அந்த ருசி தன் மனைவிக்குக் கிடைக்கத் தையல்காரர் ஒருவர் விட்டதே இல்லை. புதுப் புத்தகத்தோடு அவள் உட்கார்ந்தால் போதும், அட்டையை ஒரு பார்வை பார்ப்பார். பல்லில் குண்டூசியைக் கடித்தபடியே, "டாக்டரோட தம்பிதான்டி" என்பார். எழுத்துக் கூட்டவும் தெரியாத மனிதர். ஆனால் அவர் சொன்னது ஒருமுறைகூடத் தப்பியதில்லை.

"இந்த ஒண்ணையாவது நிம்மதியா படிக்க விடுங்களேன்" என்று அவள் கெஞ்சுவாள்.

"அழுதா நீ இன்னும் அழகா இருக்கேடி" என்று சிரிப்பார்.

ஒரு ஞாயிறு மத்தியானம் அவள் கொண்டுவந்த புத்தகத்தைப் பார்த்தவர் சிரிக்கவில்லை. வாயிலிருந்த குண்டூசிகள் உதிர்ந்தன.

"இத மட்டும் படிக்காதடி."

"ஏன், யாரு கொலைகாரன்? சொல்லிடுங்களேன், உங்களுக்குத்தான் வாய் சும்மா இருக்காதே!"

அவர் உள்ளறைக்குப் போய்த் தாழ் போட்டுக்கொண்டார். அவளுக்கோ கொண்டாட்டம். காலை நீட்டி உட்கார்ந்து படித்தாள். கதையிலும் ஒரு கணவன், உள்ளே தாழிட்ட அறையில் இருந்தான். அவள் பக்கம் புரட்டும்போதெல்லாம் கதவுக்குப் பின்னால் அவர் முனகினார்.

"போதும்மா. மூடி வச்சிடும்மா."

அவள் நிமிர்ந்து கதவைப் பார்த்தாள். பிறகு விரலை நாக்கில் தொட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினாள். கதையில் இன்ஸ்பெக்டர் கதவை உடைக்கச் சொன்னார்.

கடைசிப் பக்கத்துக்கு அவள் வந்தபோது உள்ளறையில் சத்தமே இல்லை.

"என்னங்க," என்று ஆசையாகக் குரல் கொடுத்தாள், "பொண்டாட்டிதான் கொன்னிருக்கா. எனக்குக் கடைசிவரைக்கும் தோணவே இல்ல, தெரியுமா!"