தரையில் காது வைத்தவன்

தன் வயலில் தண்ணீர் வராத ஆழ்துளைக் கிணற்றை மூடாமல், அதன் வாயில் ஒரு சாக்கை மட்டும் போட்டுவிட்டுப் போனான் சவரிமுத்து. பக்கத்து வயலில் களை பறித்தவளின் சின்ன மகள் அதற்குள் விழுந்தாள். "அம்மா, இருட்டா இருக்கு" என்று மேலே கேட்டுக்கொண்டிருந்த குரல் மறுநாள் நின்றுபோனது.

சிறையிலிருந்து வந்தபின் அவன் மதிய வேளைகளில் ஆளில்லாத மாதா கோயிலுக்குப் போனான். மண்டியிடுவான். பிறகு மெல்லக் குனிந்து தரையில் காதை வைத்துப் படுத்துவிடுவான்.

ஒருநாள் பங்குச்சாமியார் அதைப் பார்த்துவிட்டார். "ஆண்டவர் மேல இருக்காருப்பா. நிமிர்ந்து ஜெபம் பண்ணு."

"பண்ணிப் பாத்துட்டேன் சாமி. மன்னிச்சிருங்கன்னு சொல்ல வாயத் தொறந்தாலே கீழ இருந்து புள்ள கூப்புடுது. அதுக்குப் பதில் சொல்லாம ஆண்டவர்கிட்ட எப்படிப் பேசுறது?"

சாமியார் அங்கியை ஒதுக்கிக்கொண்டு அவனருகே உட்கார்ந்து, தானும் தரையில் காதை வைத்தார்.



"கேக்குதா சாமி?" என்றான் சவரிமுத்து.

சாமியார் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கை சில்லிட்டிருந்தது.