வாயில் நுழையாத வார்த்தை

மும்பை செம்பூர் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார முடியாமல் எழுந்து எழுந்து நடந்தார் வானமாமலை. மொபைலைப் பார்த்து முணுமுணுத்தார்.

"ப்ரொபிசன்சி... சே, வாயில நுழைய மாட்டேங்குதே!"

ஃபைலோடு நின்ற பெண் சிரித்தாள். "இன்டர்வியூவா அண்ணாச்சி?"

"ஆமா தாயி. இதான் மொத தடவ. காலையில இட்லிகூட இறங்கல."

"எனக்கும் இன்னைக்கு இன்டர்வியூதான். ப்ரொஃபிஷியன்ஸின்னு சொல்லுங்க. பயப்படாதீங்க, கேள்வி கேக்கறவங்களும் நம்மள மாதிரி மனுஷங்கதான்."

ரயில் வந்ததும் அவள் லேடீஸ் பெட்டிக்கு ஓடினாள்.

பதினோரு மணிக்கு இன்டர்வியூ அறைக்குள் நுழைந்தவள் திகைத்து நின்றாள். மேஜைக்குப் பின்னால், கேள்வி கேட்கும் நாற்காலியில், புது மேனேஜர் வானமாமலை வியர்த்துக்கொண்டிருந்தார்.

"உக்காரு தாயி" என்றார். "அந்த வார்த்தைய இன்னொரு தடவ சொல்லு. அத வச்சுத்தான் உன்கிட்ட மொத கேள்வி கேக்கணும்."