பக்கவாட்டில் பாய்கிறவர்கள்

உலகத்தில் மரியாதை செத்து ஆறு மாதமாகிறது. தெருவில் இறங்கினால் ஒவ்வொருவனும் ஆகாயத்திலிருந்து குதித்தவன் மாதிரி பக்கவாட்டிலிருந்து என் மேல் பாய்கிறான். கதவு நிலைகள்கூடத் திமிரெடுத்து என் தோளை இடிக்கின்றன. நேற்று ஒரு பால் வண்டி வேண்டுமென்றே என் ஸ்கூட்டரில் வந்து மோதியது.

சாவியை மகள் பிடுங்கிக்கொண்டாள். "டாக்டர் சரின்னு சொன்னாத்தான் இனி வண்டி, அப்பா."

புறநோயாளிகள் பிரிவில் என் புலம்பலை முழுக்கக் கேட்ட டாக்டரம்மா எதிரே உட்கார்ந்தார். "என் மூக்கையே பாருங்க. ரெண்டு பக்கமும் விரலை ஆட்டுவேன். தெரிஞ்சதும் சொல்லுங்க."

பார்த்தேன். ஒரு யுகம் பார்த்தேன்.

"சீ! படிச்சவங்க செய்யற வேலையா இது? கையை முதுகுக்குப் பின்னால ஒளிச்சுக்கிட்டு எவ்வளவு நேரம் என்னை முட்டாளாக்குவீங்க? விரலை ஆட்டுங்கம்மா!"

டாக்டரம்மா கோபப்படவில்லை.

"அப்போலேருந்து ரெண்டு கையையும் ஆட்டிக்கிட்டுதான் இருக்கேன், ஐயா. உங்களுக்கு ரெண்டு ஓரமும் தெரியலை. மூளைக்கு அடியில, பிட்யூட்டரி சுரப்பியில ஒரு கட்டி வளர்ந்து பார்வை நரம்பை அழுத்துதுன்னு சந்தேகப்படறேன். இன்னிக்கே ஸ்கேன் எடுத்துடலாம். சீக்கிரம் கவனிச்சா பார்வை திரும்ப நல்ல வாய்ப்பிருக்கு."

பக்கத்து நாற்காலியில் யாரோ விசும்பும் சத்தம் கேட்டது. மகள்தான். அவளைப் பார்க்க நான் தலையை முழுசாகத் திருப்ப வேண்டியிருந்தது.