ஆறடி ஆழம்

இன்னும் கொஞ்சம் கிட்ட வாருங்கள், கண்ணுகளா. ஒரு நீச்சல் குளத்தை மூடப் போன கதை சொல்கிறேன். சின்னக் கதைதான். பக்கத்தில் இருப்பவர் கையை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்.

அந்தக் குளத்து வீட்டுக்காரி சிரித்தாள்.

சிரிக்காமல் என்ன செய்வாள்? தண்ணீர் வடித்துக் காய்ந்து கிடக்கிற குளம். ஆறடி ஆழம். அதற்குள் இறங்குவதற்கு மேஸ்திரி ஆறுச்சாமி இடுப்பில் கயிறு கட்டிக்கொள்கிறார். மறுமுனை தென்னை மரத்தில்.

"ஏனுங்க மேஸ்திரி, இமயமலைக்கா போறீங்க?"

"சிரிங்கம்மா, சிரிங்க. எவன் எப்பப் போட்ட தரையோ, நான் நம்ப மாட்டேனுங்க. எம்பட சம்சாரத்தையே முழுசா நம்பறதில்லீங்க."

கரையில் நின்ற ஆட்கள் இரண்டு பேரும் சிரித்தார்கள்.

அவளுக்கு அவசரம். சித்திரை பிறந்ததும் மகள் இந்த வீட்டில் மழலையர் பள்ளி தொடங்குகிறாள். இருபது பிள்ளைகள். எல்லாம் மூன்று வயது, நான்கு வயது. பின்பக்கம் ஒரு குளம் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தால் எந்தத் தாய் பிள்ளையை விட்டுவிட்டுப் போவாள்?

மண்ணைக் கொட்டி மூடிவிடுங்கள் என்றுதான் அவள் சொன்னாள்.

மேஸ்திரி கேட்கவில்லை. முதலில் தரையில் ஓட்டை போட வேண்டுமாம். இல்லாவிட்டால் மழைத் தண்ணீர் இறங்க வழியில்லாமல் உள்ளேயே நிற்குமாம். மேலே புல் முளைத்தாலும் அடியில் சேறுதானாம். பிள்ளைகள் கால் புதையுமாம். பிறகு சுவரின் மேல்பகுதியை இடித்து, கல், ஜல்லி, மண் என்று ஒவ்வோர் அடுக்காகப் போட்டுத் திமிசுக் கட்டையால் இடித்து இறுக்க வேண்டுமாம்.

ஒரு வாரம் வீண் என்று அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

ஓரங்களில் நான்கு ஓட்டை போட்டாயிற்று. ஐந்தாவது, நடுவில்.

பிரேக்கர் மெஷின் கடகடவென்று அதிர்ந்தது.

பிறகு அதிரவில்லை.

மெஷின் இல்லை. தரை இல்லை. மேஸ்திரியின் தலையும் இரண்டு கைகளும் மட்டும் இருந்தன.

நீல ஓடுகள் ஒவ்வொன்றாக உள்ளே சரிந்தன. விழுந்த சத்தம் உடனே வரவில்லை.



பிறகு வந்தது. ரொம்பக் கீழேயிருந்து. தண்ணீரில்.

கயிறு விறைத்தது. தென்னை மரம் அசையாமல் நின்றது. ஆட்கள் இழுத்தார்கள். மேஸ்திரி மல்லாந்தபடி ஓரத்துக்கு வந்து சேர்ந்தார். சட்டை கிழிந்திருந்தது. முழங்கை இரண்டும் ரத்தம். உயிர் இருந்தது.



அவளுடைய வீட்டுக்காரர் சென்னியப்பன் சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். எழுபத்து மூன்று வயது. ஓடி வரவில்லை. எட்டிப் பார்க்கவும் இல்லை.

பார்க்காமலே சொன்னார்.

"எம்பதடி."

அவள் திரும்பினாள்.

"நம்ம பழைய கெணறு."

"அதத் தூர்த்தாச்சுன்னு சொன்னீங்களே!"

"உங்கிட்ட அப்படிச் சொன்னேன். தூர்த்தாக் குடும்பம் வெளங்காதுன்னு ஆத்தா ஒத்தக்கால்ல நின்னுச்சு. நீயும் புள்ளைகளும் குளம் வேணும்னீங்க. அதான் தூர்க்காம, இரும்புக் கர்டர் போட்டு, கல்லுப் பலகை பாவி, அதுக்கு மேல கட்டிட்டேன். கெணத்துக்கும் உசுரு இருக்கட்டும்னு."

அவள் பிள்ளைகளோடு பிறந்த வீட்டுக்குப் போயிருந்த கோடை விடுமுறை அது. திரும்பி வந்தபோது நீலமாகத் தண்ணீர் நின்றது. பிள்ளைகள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

முப்பத்தோரு வருடம்.

மேஸ்திரிக்கு இப்போதுதான் குரல் வந்தது. "அம்மா... மண்ணு இன்னும் நெறய லோடு சொல்லோணுங்க."

அவள் காதில் விழவில்லை.

பிறந்தநாள்களுக்கு வந்த தெருப் பிள்ளைகள் அத்தனை பேரும் அவள் கண்ணுக்குள் குதித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில்தான் குதிப்பார்கள். அங்கேதான் ஆழம் என்று.

பிறகு இன்னொன்று வந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் முதலில் இறங்குகிறவர் சென்னியப்பன்தான். பிள்ளைகள் துண்டைச் சுற்றிக்கொண்டு கரையில் சிணுங்குவார்கள். அவர் காதில் வாங்க மாட்டார். சரியாக நடுவில் குதிப்பார். அடிவரை போய், இரண்டு காலாலும் ஓங்கி உதைத்துவிட்டு மேலே வருவார். மறுபடி ஏறி, மறுபடி குதிப்பார். பத்து முறை.

"பெத்த புள்ளைகளுக்கு விட்டுக்குடுக்காத மனுசனை இங்கதான் பாக்கறேன்" என்று அவள் துணி காயப்போட்டபடி கத்துவாள்.

ஒரு வாரம்கூட அவர் பதில் சொன்னதில்லை. மூச்சு வாங்கத் தண்ணீருக்கடியில் தெரிகிற தரையைக் குனிந்து பார்ப்பார். பிறகுதான் பிள்ளைகள் பக்கம் கையை நீட்டுவார்.

"ம்... இப்ப வாங்க."

அவளுக்கு எங்காவது உட்கார வேண்டும் போலிருந்தது.

நின்ற இடத்தில் காலால் ஒரு முறை தட்டிப் பார்த்தாள். இன்னொரு முறை தட்டினாள். அப்புறம்தான் உட்கார்ந்தாள்.

அவ்வளவுதான், கண்ணுகளா. பத்திரமாகப் போய் வாருங்கள். உங்கள் வீட்டுப் பிள்ளைகள் குதிக்கிற இடமெல்லாம் கெட்டி மண்ணாகவே இருக்கட்டும்.