ஜன்னல் பக்கம் போகாதீர்கள்

“ஜன்னல் பக்கம் போகாதீங்கன்னு தொண்டை கிழியக் கத்தினேனே, கேட்டியா நீ?”

ஸ்டூலை ஆஸ்பத்திரிக் கட்டிலருகே இழுத்துப் போட்டு உட்காருவதற்குள் தம்பி ஆரம்பித்துவிட்டான். நாலு வருஷம் கழித்து அக்காவைப் பார்க்கிறவன் பேசும் முதல் பேச்சு இது. வழியெல்லாம் வேறு என்னென்னவோ சொல்ல நினைத்து வந்தவன்தான். அவள் வலது கண்மேல் இருந்த கட்டைப் பார்த்ததும் எல்லாம் கோபமாக மாறிவிட்டது.

அவன் வானொலி அறிவிப்பாளன். நேற்று மதியம் இடியும் சூறைக்காற்றுமாக ஊரைப் புரட்டிப் போட்டபோது, திரும்பத் திரும்ப எச்சரிக்கை வாசித்தது அவன்தான். ஜன்னல் இல்லாத உள்ளறைக்குப் போங்கள், பிளக்கையெல்லாம் பிடுங்கிவிடுங்கள், மரத்தடியில் ஒதுங்காதீர்கள், காற்று அடங்கியதும் அவசரப்பட்டு வெளியே வராதீர்கள். ஊரே கேட்டு நடந்தது. அக்கா மட்டும் கூடத்து ஜன்னலருகே போய் நின்றிருக்கிறாள். கண்ணாடி வெடித்துச் சிதறியிருக்கிறது.

“டாக்டர் என்ன சொன்னார்?”

“வலது கண்ணுல இனிமே பார்வை வராதாம்.” இன்றைக்குப் பால் வராது என்பதுபோல அக்கா சொன்னாள்.

அவள் கைக்கடிகாரம் பழுது பார்ப்பவள். லென்ஸை இடுக்கிக்கொண்டு, மயிரிழை மாதிரி ஸ்பிரிங்கை எடுத்து மாட்டுவதெல்லாம் அந்த வலது கண்ணை நம்பித்தான்.

“இடது கண்ணைப் பழக்கிக்கிட்டாப் போச்சு. எந்தக் கண்ணு பார்த்தா என்ன, கடிகாரம் ஓடினா சரி.”

“சிரிக்காதேக்கா, எனக்குப் பத்திக்கிட்டு வருது. என் மேல இருக்கற கோபத்துல ரேடியோவையே தூக்கிப் போட்டுட்டே, அதானே?”

அவனுக்குப் பழசெல்லாம் கிளம்பியது. நல்ல வங்கி வேலையை விட்டு அவன் வானொலிக்குப் போனபோது, “வாயை வித்துப் பொழைக்கப் போறியா?” என்று கேட்டவள் இவள். “இனி உன் வாசப்படி மிதிச்சா என் பேரை மாத்திக்கறேன்” என்று வீராப்பாகக் கிளம்பியவன் அவன். அதற்கப்புறம் ஒரு போன் கிடையாது, ஒரு விசாரிப்பு கிடையாது. ஒன்றுமில்லாத பேச்சுக்கு நாலு வருஷத்தைப் பாழாக்கினோமே என்று இப்போதுதான் உறைத்தது. ஆனால் வாயில் வந்தது வேறு.

“அதை விடு. நேத்து ரெண்டு எச்சரிக்கைக்கு நடுவுல ஒரு பாட்டைப் போட்டுட்டு, ரோஷத்தையெல்லாம் மூட்டை கட்டி வச்சுட்டு, நானே உனக்கு போன் பண்ணேன். பத்திரமா இருக்கியான்னு கேக்கத்தான். அடிச்சுக்கிட்டே இருந்துது. எடுத்தியா? அவ்வளவு அழுத்தம் உனக்கு!”

அக்கா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

பிளாஸ்கோடு உள்ளே வந்த பக்கத்து வீட்டு அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. அக்காவை மருத்துவமனையில் கொண்டுவந்து சேர்த்தவள் அவள்தான்.

“யாரு, இவங்களா ரேடியோ கேக்காதவங்க? கடையில நாள் பூரா உங்க குரல்தான் தம்பி. யாராவது ஸ்டேஷனை மாத்தினா சண்டைக்கே போயிடுவாங்க. நேத்தும் நீங்க சொன்னதுல ஒண்ணு விடல. பிளக்கெல்லாம் பிடுங்கிப் போட்டு, என்னையும் இழுத்துக்கிட்டுப் போய் குளியலறையில உக்கார வச்சாங்க. நான் கதவை லேசாத் திறந்ததுக்கு, ‘தம்பி திறக்கக் கூடாதுங்கறான், சாத்துங்க’ன்னு ஒரே அதட்டல்!”

தம்பிக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

“அப்புறம் எதுக்குக்கா எழுந்து ஜன்னல்கிட்ட போனே?”

“அதெல்லாம் எதுக்குடா இப்ப? நடந்தது நடந்து போச்சு.”

“சொல்லுக்கா.”

அக்கா துழாவி அவன் கையைப் பிடித்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

“நம்ம வீட்ல ஜன்னல்கிட்ட மட்டுந்தானேடா சிக்னல் கிடைக்கும், போன் எப்பவும் அங்கதான் கிடக்கும். உனக்குன்னு தனியா ஒரு ரிங்டோன் வச்சிருந்தேன். நாலு வருஷத்துல நேத்துதான் அது அடிச்சுது.”