கத்தாத பெட்டி

"மறுபடியும் கத்த மாட்டேங்குதுங்க அம்மிணி" என்று அர்த்தனாரி பெட்டியை மேஜைமேல் வைத்தார். இது மூன்றாவது தடவை.

ராதிகாவுக்குச் சுருக்கென்றது. செம்மேடு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் தன் சின்னப் பட்டறையில், சர்க்யூட் வரைந்து, போர்டில் ஒவ்வொன்றாக ஈயம் வைத்து அவளே உருவாக்கிய பெட்டி அது. மிளகு காயும் களத்தில் ஒரு தகடு இருக்கும். தகட்டில் மழைத்துளி பட்டால், வீட்டுக்குள் பெட்டி 'கீய்ய்'யென்று கத்தும். ஓடிப்போய் மிளகை அள்ளிவிடலாம்.

"உங்க ஊட்டுல நல்லா ஓடுச்சுன்னா நாங்களும் மாட்டறோம்னு ஊரே சொல்லுச்சுங்கண்ணா. இப்ப ஒருத்தரும் வரலை."

"நான் என்னங்க பண்றது? கத்தலைன்னா கத்தலைன்னுதானே சொல்லோணும்."

திறந்து பார்த்தாள். போர்டு நன்றாகவே இருந்தது. சத்தம் போடும் பஸ்ஸருக்குப் போகிற ஒயர் மட்டும் தொங்கியது. போன இரண்டு தடவையும் இதே ஒயர்தான். தன் பற்றவைப்பு சரியில்லை என்று நினைத்துப் போன முறை பசை போட்டு ஒட்டியிருந்தாள். இப்போது பசையோடு பிய்ந்திருக்கிறது.

தானாகக் கழன்றதல்ல, அவரே பிடுங்கியிருக்கிறார். பெரிய மனுஷன் செய்கிற வேலையா இது?

ஒயரைப் பற்றவைத்துக்கொண்டே சொன்னாள். "வாங்கண்ணா, உங்க ஊட்டுலயே மாட்டிக் காட்டறேன்."

"அதெல்லாம் எதுக்குங்க..." என்று இழுத்தார். அந்த இழுப்பே போதுமென்று அவள் ஸ்கூட்டியை எடுத்தாள்.

வாழவந்தி நாடு என்ற மலையூரில் அவர் வீட்டு நடையில் மனைவி கண்ணாயி அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"வா கண்ணு. நல்ல பெட்டி செஞ்ச போ. மழை வந்தும் மூச்சு விடலை. போன வாரம் களத்து மிளகு பூராவும் நனைஞ்சு போச்சு. முன்னெல்லாம் தூறல் சத்தத்துக்கே எந்திரிச்சு ஓடிருவேன். இந்த வருசம் என்னமோ ஏமாந்து ஏமாந்து போறேன்."

ராதிகா நடையையொட்டிய சுவரில் பெட்டியை மாட்டிவிட்டு, அர்த்தனாரியோடு களத்துக்குப் போய், தகட்டின்மேல் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றினாள்.

பெட்டி கத்தியது. களத்திலிருந்த கோழிகள் சிதறி ஓடின. ரோட்டில் போன நாய் நின்று திரும்பிப் பார்த்தது.

"கேக்குதுங்களாண்ணா?"

அர்த்தனாரி நடையைக் காட்டினார். பெட்டிக்குக் கீழேயே கண்ணாயி அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"அன்னிக்கு நான் தோட்டத்துலருந்து ஓடி வரும்போதும் இப்படித்தானுங்க கத்துச்சு" என்றார் மெதுவாக. "அவளும் இப்படியேதான் உக்காந்திருந்தா. பேசறது கேக்குது, இந்தக் கீச்சுச் சத்தம் கேக்கறதில்லை. காது போகுதுன்னு அவளுக்கே இன்னும் தெரியாது. தெரிஞ்சா ஒடைஞ்சு போயிருவா. மிளகு நனைஞ்சதுக்கு ஊரு அவளைச் சொல்றதுக்குப் பதிலாப் பெட்டியச் சொல்லட்டும்னுதான்... தப்புத்தானுங்க."

ராதிகாவுக்குக் கோபம் போன இடம் தெரியவில்லை. சின்னதாக இருக்கிறதே என்று அந்தக் கீச்சுப் பஸ்ஸரைத் தேர்ந்தெடுத்தது அவள்தான். கேட்கிறதா என்று சோதித்ததும் தன் காதை மட்டும் வைத்துத்தான்.

நடையருகே வந்தாள். பெட்டி இன்னும் கத்திக்கொண்டே இருந்தது.

கண்ணாயி நிமிர்ந்து பார்த்தாள். "என்ன கண்ணு, இப்பவாச்சும் கத்துதா?"

அர்த்தனாரி ராதிகாவைப் பார்த்தார்.

"இல்லீங்கக்கா" என்றாள் ராதிகா. "நான் செஞ்சதுலதான் கோளாறு. இனிமே ஊர்ல எல்லார் ஊட்டுக்குமே சத்தத்தோட பெரிய லைட்டும் வெச்சுத் தாரேன்."